மறுக்கவில்லை, திருப்பி அனுப்பினோம்

செப்டம்பர் 11, செவ்வாய்

இன்று பதினாறு கோப்புகள். பதினாறையும் திருப்பி அனுப்பினேன். ஒன்றைக்கூட மறுக்கவில்லை.

மறுப்பது லிஸ்பன் நிதி அமைச்சகத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வழக்கமே இல்லை. மறுத்தால் அதில் ஒரு தேதி விழும், ஒரு கையெழுத்து விழும். நாளைக்கு யாராவது எம்.பி. அந்தக் காகிதத்தை நாடாளுமன்றத்தில் ஆட்டிக் காட்டுவார். ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டால் யாரும் எதையும் மறுத்ததாகாது. பதிலோடு மறுபடி வரும் கோப்பு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்ளும்.

இந்த வருடம் பூட்டு போன வருடத்தைவிடக் கனம். எங்கள் வேலையை ஒரு தடவை எழுதிப் பார்த்தால்தான் எனக்கே அதன் லட்சணம் தெரிகிறது. நாடாளுமன்றம் கைதட்டிப் பணம் ஒதுக்குகிறது. ஒதுக்கிய கையோடு நிதி அமைச்சர் ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் ஒரு பங்கைப் பூட்டிவைக்கிறார். திறக்கச் சொல்லி ஆஸ்பத்திரிகளும் பள்ளிக்கூடங்களும் ரயில்வேயும் எங்களுக்கு எழுதுகின்றன. நாங்கள் கேள்வி கேட்கிறோம். டிசம்பர் 31 வந்ததும் செலவாகாத பணம் செத்துப்போகிறது. செத்த பணத்தின் அளவுக்குப் பற்றாக்குறை குறைகிறது. யூரோவை வைத்திருக்கும் நாடுகள் மூன்று சதவீதத்துக்கு மேல் பற்றாக்குறை வைக்கக் கூடாது என்பது பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நாங்கள் ஒன்றுக்குக் கீழே வந்து வெகுநாளாயிற்று. இன்னும் கீழே போக ஆசைப்படுகிறோம்.

பக்கத்து மேசை இவோன் கேட்டாள். "ஒடெட் அக்கா, இந்தக் கேள்வியெல்லாம் உங்களுக்குக் குளிக்கும்போது தோணுமா, இல்ல பஸ்ல வரும்போதா?" புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சியில் 'ஒடெட் கேள்வி' என்றே சொல்லிக் கொடுக்கிறார்களாம். சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 16, ஞாயிறு

அண்ணன் அமில்காரைப் பார்க்க ஊருக்குப் போய்வந்தேன். இளைத்துவிட்டான். டிராக்டர் எஞ்சினைத் தனியாளாகத் தூக்கி வைத்த கை, இப்போது ரொட்டியைப் பிய்க்கவே யோசிக்கிறது.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஜில்லா ஆஸ்பத்திரி தொண்ணூற்றிநாலு கிலோமீட்டர். விடிகாலை ஐந்து மணிக்கு செஃபெரினோ வேன் கொண்டுவருவான், சுற்றுவட்டாரத்து நோயாளிகள் நாலு பேரை ஏற்றிக்கொள்வான். நாலு மணி நேரம் இயந்திரம். நாலு பேருக்கும் முடிகிறவரை காத்திருந்து திரும்பி வந்து சேர மூன்று மணி ஆகிவிடுகிறது. அன்று முழுக்கப் படுக்கை. மறுநாள்தான் மனிதன். அதற்கடுத்த நாள் மறுபடி வேன். அண்ணி போனதிலிருந்து ஆறு வருடமாக இப்படி, தனியாக.

இதில் கொடுமை, ஊரிலேயே டயாலிசிஸ் பிரிவு இருக்கிறது. அண்ணன் வீட்டிலிருந்து நடந்தால் ஏழு நிமிடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு கட்டியது என்று நட்சத்திரம் போட்ட பலகையும் உண்டு. ரிப்பன் வெட்டி இரண்டு வருடம். ஆறு நாற்காலி, ஆறு இயந்திரம், எல்லாம் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள். குழாய்த் தண்ணீரை இயந்திரத்துக்குள் விட முடியாது, அதற்கென்று சுத்திகரிப்புக் கருவி வேண்டும். அதன் விலை எண்பத்தாறாயிரம் யூரோ. ஒதுக்கியாயிற்று, பூட்டியும் ஆயிற்று.

கஃபேயில் அண்ணன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "லிஸ்பன்ல எவனோ ஒரு கழுதை ஒக்காந்திருக்கான். வருஷத்துக்கு எத்தன லிட்டர் தண்ணி ஆகும்னு கணக்குப் போட்டு, ஜில்லா இன்ஜினியர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வான்னு கேட்டிருக்கான். இன்ஜினியர் போஸ்ட்டு காலியாக் கெடக்கு மூணு வருஷமா! அவர் கையெழுத்துக்கு நான் எந்த சாமிய வேண்டறது?"

கஃபே முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 17, திங்கள்

அந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன். எங்கள் கணினியில் ஊர்ப் பெயர் இருக்காது, வட்டாரச் சுகாதாரத் துறையின் பெயரும் ஒரு நீள எண்ணும் மட்டும்தான். அதனால்தான் கண்ணில் படவில்லை. மதியம் ஆகிவிட்டது கண்டுபிடிக்க.

இரண்டு தடவை திருப்பப்பட்டிருக்கிறது. மார்ச் 6: 'சுத்திகரிப்புக் கருவி, இயந்திரங்களுடன் சேர்த்து ஏன் வாங்கப்படவில்லை என்பதை விளக்கவும்.' ஜூன் 19: 'ஆண்டு நீர்த் தேவையை, தகுதியுள்ள பொறியாளரின் சான்றுடன் இணைக்கவும்.'

இரண்டிலும் என் கையெழுத்து.

செப்டம்பர் 18, செவ்வாய்

அந்தக் கழுதை நான்தான்.

அக்டோபர் 4, வியாழன்

பல்தசாரைப் பார்த்தேன். துணை அமைச்சரின் அலுவலகத்துக்கு அவன்தான் தலைவன். எங்கள் பூட்டுக்கெல்லாம் சாவி அவன் மேசையில்தான். பழைய சிநேகிதன். கடன் நெருக்கடிக் காலத்தில் ஊர்வலத்தில் என் பக்கத்தில் நடந்தவன். 'மக்களா, சதவீதமா?' என்று கத்திக் கத்தி மூன்று நாள் தொண்டை கட்டிப்போயிற்று அவனுக்கு.

"எண்பத்தாறாயிரம்தான் பல்தசார். நம்ம பட்ஜெட்ல அது சில்லற."

"எல்லாமே எண்பத்தாறாயிரம்தான் ஒடெட். அந்தச் சில்லறையச் சேத்துத்தான் நாம ஐரோப்பாவுல தல நிமுந்து நிக்கறோம்."

"மூணு வரைக்கும் போலாம்னு அவங்களே சொல்றாங்க. நாம அதுல கால்வாசிகூடப் போறதில்ல. யார் கேட்டா?"

"யாரும் கேக்கக் கூடாதுன்னுதான்." எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "போன தடவ வரம்ப மீறினோமே, என்ன ஆச்சு? அந்த மூணு பேருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தவ நீ. மறந்துட்டியா?"

எப்படி மறப்பேன்? கடன் கொடுத்தவர்கள் அனுப்பிய அந்த மூன்று அதிகாரிகளுக்கு எங்கள் தாழ்வாரத்திலேயே அறை ஒதுக்கியிருந்தார்கள். அறை இருட்டாக இருக்கிறது என்றார்கள் என்று என் மேசை விளக்கைக் கொண்டுபோய் வைத்தேன். அதில் இளையவன் எங்கள் சம்பளப் பட்டியலைப் புரட்டிவிட்டுச் சிரித்த முகத்தோடு கேட்டான்: வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம்தானே, உங்களுக்கு எதற்குப் பதினாலு சம்பளம்? கோடைக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று நான் விளக்கினேன். அந்த வருடமே இரண்டும் போயிற்று. என் விளக்கையும் திருப்பித் தரவில்லை.

இனிமேல் அந்த மாதிரி ஆட்கள் எங்கள் தாழ்வாரத்தில் நடக்கவே கூடாது என்று அன்றைக்கு சபதம் போட்டேன். நானும் போட்டேன், பல்தசாரும் போட்டான். அதனால் அவன் சொல்வது எனக்குப் புரிகிறது. புரிவதுதான் வயிற்றெரிச்சல். இப்போது அவர்கள் வரத் தேவையில்லை. அவர்கள் செய்த வேலையை அவர்களைவிடச் சுத்தமாக நாங்களே செய்துகொள்கிறோம்.

அண்ணனைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிபாரிசு ஆகிவிடும் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருட உத்தமி!

அக்டோபர் 16, செவ்வாய்

புது பட்ஜெட். அமைச்சர் சபையில் பேசினார். சிக்கனக் காலம் முடிந்துவிட்டது, மக்களின் சுகாதாரத்துக்கு இதுவரை இல்லாத அளவு பணம். நீண்ட கைதட்டல். எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்தக் கட்சிதான் மூன்று சதவீத விதியை முட்டாள்தனம் என்றது. சாயங்காலம் அதே அமைச்சர், அதே கோட்டு, வெளிநாட்டு நிருபர்களிடம்: விதி எங்களிடம் எதிர்பார்ப்பதைவிட நாங்களே எங்களிடம் அதிகம் எதிர்பார்க்கிறோம்.

இரண்டையும் நம்பித்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். பொய் சொல்கிற ஆளாக இருந்தால்கூட நிம்மதியாகத் திட்டலாம்.

இவோன் தொலைக்காட்சியை அணைத்தாள். "சபையில விருந்து, நம்ம ஆபீஸ்ல பட்டினி. வாங்கக்கா, சாப்பிடப் போலாம்."

நவம்பர் 7, புதன்

மாடிப்படியில் நின்று, சொந்த போனில், ஊர் ஆஸ்பத்திரி நிர்வாகியைக் கூப்பிட்டேன். செய்யக் கூடாத வேலைதான். கோப்பு மூன்றாம் முறை வரும்போது எங்கள் அலுவலகம் கேட்கக்கூடிய கேள்விகள் ஒன்பது. ஒன்பதுக்கும் பதிலை நானே சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இன்ஜினியர் இல்லாவிட்டால் நகராட்சி இன்ஜினியரின் கையெழுத்து போதும், எந்த விதியின் கீழ் என்று எண்ணும் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் எழுதி முடித்தார். அப்புறம், "மேடம், தப்பா நினைக்காதீங்க. இதுல ஏதாவது பொறி இருக்கா?"

"இல்லைங்க."

"இல்ல, இதுவரைக்கும் உங்க ஆபீஸ்லேருந்து யாரும் பதில் சொன்னதில்ல. கேள்விதான் வரும்."

நவம்பர் 20, செவ்வாய்

கோப்பு வந்தது. ஒன்பது பதிலும் ஒழுங்காக இருக்கிறது. குறிப்பு எழுதினேன்: 'முழுத் தொகையையும் திறக்கப் பரிந்துரைக்கிறேன். நோயாளிகளின் நலன் கருதி அவசரம்.'

இவோன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "'அவசரம்'கிற சொல்லு நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கா என்ன?"

பல்தசாரின் அலுவலகத்துக்கு மேலே அனுப்பியாயிற்று. இந்த மாதத்துக்குள் கையெழுத்தானால் டிசம்பருக்குள் ஒப்பந்தம் போட்டுக் கருவியை இறக்கிவிடலாம், பொருத்தி முடித்து வசந்தத்தில் பிரிவு திறந்துவிடும். அண்ணன் ஏழு நிமிடம் நடந்துபோய் நாற்காலியில் உட்காருவான்.

டிசம்பர் 5, புதன்

ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 12, புதன்

பல்தசார் போன் செய்தான். "ஒடெட், அந்தத் தண்ணி விவகாரம். ஒரே ஒரு கேள்வி போட்டு அனுப்பிடேன். ஜனவரில பாத்துக்கலாம்."

"எனக்குக் கேள்வி ஒண்ணும் தோணல."

"உனக்கா?" சிரித்தான். நான் சிரிக்காததால் அவனும் நிறுத்திக்கொண்டான். "என்ன விஷயம்?"

சொன்னேன். அண்ணன், வேன், தொண்ணூற்றிநாலு கிலோமீட்டர், எல்லாம். நாலு பேர் வேனுக்கு வருடம் பூராவும் அரசுதான் காசு கட்டுகிறது, அந்தக் கணக்கில் பூட்டே கிடையாது என்பதையும் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றான். குரல் நிஜமாகவே இளகியிருந்தது. "பாக்கறேன்" என்றான்.

டிசம்பர் 19, புதன்

திரும்பி வருகிற வழியில் அண்ணனுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, பெட்ரோல் பங்கில் இறங்கும்போது விழுந்துவிட்டான். புருவத்தில் மூன்று தையல். செஃபெரினோதான் போன் செய்தான். "பயப்படாதீங்கம்மா, ஆளு நல்லாத்தான் இருக்காரு. பெட்ரோல் பங்க்காரன்கிட்ட தரை வழுக்குதுன்னு சண்ட போட்டுக்கிட்டு இருக்காரு."

ராத்திரி அண்ணனிடம் பேசினேன். "இன்னும் எத்தன நாளைக்குடீ இப்பிடி?" என்று கேட்டான். அவன் இப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. தையல் வலிக்கிறதா என்று பேச்சை மாற்றினேன்.

டிசம்பர் 28, வெள்ளி

திறந்துவிட்டார்கள்! முழுத் தொகை! துணை அமைச்சரின் கையெழுத்து, என் குறிப்பும் அப்படியே இணைப்பாக. திரையில் பார்த்ததும் எழுந்து இவோனைக் கட்டிக்கொண்டேன். அண்ணனுக்கு உடனே போன் போட்டேன். அவன் முதலில் நம்பவில்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சினான். அப்புறம், "அந்தக் கழுத எப்பிடிடீ மனசு மாறுச்சு?" என்றான்.

"மாறிடுச்சுண்ணே" என்றேன்.

இது ஆறரை மணிக்கு எழுதியது. இப்போது எட்டு மணி.

கையெழுத்தான நேரத்தை இப்போதுதான் பார்த்தேன். மாலை 5.52. வெள்ளிக்கிழமை. திங்கள் வருடத்தின் கடைசி நாள், அரசு அலுவலகங்களுக்கு அரைநாள்கூடக் கிடையாது, லீவு. டெண்டர் போட்டு, ஒப்பந்தம் எழுதி, கருவியை இறக்கி, பில் வாங்கி, எல்லாம் எந்த நாளில்? பணம் திறந்த மூன்றாம் நாள் செத்துப்போகும்.

இது தெரியாதவளா நான்? முப்பத்தொரு வருடம் இதே வேலை. டிசம்பர் கடைசியில் திறக்கிற பூட்டு பூட்டியதற்குச் சமம் என்று பயிற்சி வகுப்பில் நானே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். சந்தோஷத்தில் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் போனை எடுத்தேனே... அட பாவி.

ஜனவரி 1, செவ்வாய்

அண்ணன் போனில் வாழ்த்துச் சொன்னான். கஃபேயில் அவனுக்கு யாரும் காபிக்குக் காசு வாங்குவதில்லையாம். 'அமில்கார் தங்கச்சி பூட்டைத் திறந்துட்டா' என்று ஊரே பேசுகிறதாம். வேனில் மற்ற மூன்று பேரும் எனக்கு நன்றி சொல்லச் சொன்னார்களாம்.

சொல்ல வாயெடுத்தேன். புத்தாண்டு அன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 4, வெள்ளி

எண்பத்தாறாயிரம் கருவூலத்துக்குத் திரும்பிவிட்டது. பதிவேட்டில் அதற்கு ஒரே சொல்: 'செலவழிக்கப்படவில்லை.'

ஜனவரி 15, செவ்வாய்

சபையில் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் எழுந்து எங்கள் ஊர் டயாலிசிஸ் பிரிவைப் பற்றிக் கேட்டார். நான் எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன். அமைச்சர் நிதானமாக ஒரு காகிதத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, என் குறிப்பு.

"உறுப்பினர் அவர்களுக்குத் தகவல் தவறாகக் கிடைத்திருக்கிறது. அந்தத் தொகை முழுவதும் விடுவிக்கப்பட்டது. அவசரம் என்று எங்கள் அதிகாரிகளே எழுதியிருக்கிறார்கள், அதை மதித்துத்தான் விடுவித்தோம். செலவழிக்கும் திறன் ஆஸ்பத்திரிக்கு இல்லையென்றால் அதற்கு நிதி அமைச்சகம் என்ன செய்யும்?"

கைதட்டல்.

ஆக, நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கேள்வி கேட்காமல் எழுதிய குறிப்பு அவர்களுக்குக் கேடயமாகப் போயிற்று. ஒரு கேள்வி போட்டு அனுப்பியிருந்தாலாவது இன்றைக்கு அவரிடம் ஆட்டிக் காட்டக் காகிதம் இருந்திருக்காது.

பல்தசார் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்துக் கையசைத்தான். அவனுக்கு இது வஞ்சகமாகத் தோன்றியிருக்காது. சிநேகிதிக்கு உதவினோம் என்றுதான் நினைத்திருப்பான். இரண்டு வேலை ஒரே கையெழுத்தில்.

ஜனவரி 16, புதன்

அண்ணன் டயாலிசிஸ் முடிந்து படுத்தபடியே கூப்பிட்டான். ஆஸ்பத்திரி டி.வி.யில் பார்த்தானாம். சத்தம் குறைவாக வைத்திருந்தார்களாம், 'முழுவதும் விடுவிக்கப்பட்டது' மட்டும் காதில் விழுந்ததாம். "மந்திரி வாயாலயே சொல்லிட்டாரு புள்ள! ஏப்ரல்ல தொறந்துருவாங்களா?"

"பாக்கலாம்ணே."

பாக்கலாம்! பல்தசாரின் சொல் என் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது.

பிப்ரவரி 12, செவ்வாய்

செத்த பணத்தைப் புது வருடத்துக்குக் கொண்டுவர ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. அதற்கும் எங்கள் அனுமதி வேண்டும். நான் மறுபடி 'முழுத் தொகை, அவசரம்' என்று எழுதி மேலே அனுப்பினேன். இன்று மேலிருந்தே நேராக ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டார்கள்.

கேள்வி: 'விடுவிக்கப்பட்ட தொகையை உரிய ஆண்டுக்குள் பயன்படுத்தாததற்கான காரணத்தை விளக்கவும்.'

நடையைப் பார்த்தால் என்னிடம் பயிற்சி எடுத்தவர்கள் யாரோதான்.

பிப்ரவரி 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அண்ணன் பூண்டும் கொத்தமல்லியும் அரைத்துப்போட்டு ரொட்டிச் சூப் செய்திருந்தான் எனக்காக. அவன் சாப்பிடவில்லை, எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கரண்டிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை 5.52, கருவூலம், சபையில் ஆட்டிய காகிதம். மார்ச் 6, ஜூன் 19 இரண்டையும் சொன்னேன். கழுதை யார் என்பதையும் சொன்னேன்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே இருந்தான்.

"பிரஸ்ஸல்ஸ்காரனுக்கு நம்ம மேல அவ்வளவு கோவமா?"

"கோவமெல்லாம் இல்லண்ணே. அவங்களுக்கு நம்ம ஊரு பேருகூடத் தெரியாது. பூட்டுங்கன்னு அவங்க சொல்லல. மூணு வரைக்கும் போலாம்னாங்க."

"நாம?"

"ஒண்ணுல பாதிகூட இல்ல."

யோசித்தான். எஞ்சினில் எங்கே கோளாறு என்று பார்க்கிறபோது வருகிற அதே முகம்.

"அவன் கேக்கவே கேக்காதத எதுக்குடீ குடுத்தீங்க?"

முப்பத்தொரு வருடமாக நானே கேள்வி கேட்டுப் பழகிவிட்டேன். திரும்ப அந்த மூன்று பேர் வந்துவிடுவார்களோ என்கிற பயம், என்றேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குகிற ஆசை, என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது.

"சரி விடு" என்றான். "வேன்ல மத்தவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன். நீ சூப்பக் குடி, ஆறிப்போவுது."

கிளம்பும்போது லிஸ்பனுக்கு என்னோடு வந்துவிடு என்று கெஞ்சினேன். என் வீட்டுக்குப் பக்கத்திலேயே தனியார் கிளினிக் இருக்கிறது, அரசே காசு கட்டிவிடும். "அங்க மூணாவது மாடியில ஒக்காந்து நான் யாரத் திட்டறது?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டான்.

மார்ச் 11, திங்கள்

இன்று பன்னிரண்டு கோப்புகள் திருப்பி அனுப்பினேன். செய்தேன், வேறென்ன செய்ய? ராஜினாமாக் கடிதம் எழுதினேன், கிழித்தேன். நான் போனால் என் நாற்காலியில் யாராவது உட்காருவார்கள், கேள்விகள் என்னுடையதாகவே இருக்கும். இது நியாயமா சாக்கா என்று எனக்கே தெரியவில்லை. சாக்குதான்.

மார்ச் 26, செவ்வாய்

புள்ளிவிவரம் வந்துவிட்டது. எதிர்பார்த்ததைவிடவும் குறைந்த பற்றாக்குறை. பிரஸ்ஸல்ஸிலிருந்து பாராட்டு, 'மற்ற நாடுகளுக்கு முன்மாதிரி.' அமைச்சர் எங்கள் மாடிக்கே வந்தார். கஸ்டர்ட் பணியாரம் பெட்டி பெட்டியாக வந்தது, கூடவே போர்ட் ஒயினும். பல்தசார் கண்கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தான். "ஜெயிச்சுட்டோம் ஒடெட்! இனி எவனும் இந்தத் தாழ்வாரத்துக்கு வர மாட்டான்."

அப்போதுதான் போன் வந்தது. செஃபெரினோ.

"அம்மா, உங்க அண்ணன் நாளைக்கு வேன் வேணாங்கறாரு. நாளைக்கு மட்டுமான்னு கேட்டேன். இல்லப்பா, இனிமே எப்பவுமே வேணாம், என் எடத்துக்கு வேற யாரையாவது ஏத்திக்கன்னுட்டாரு. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. நீங்க வாங்கம்மா."

கையில் பணியாரம் இருந்தது. எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை.

மார்ச் 28, வியாழன். ஊரில்.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்துபோனார். ஒரு மணி நேரம் அண்ணனோடு தனியாகப் பேசினார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: தெளிவாக இருக்கிறார், மனச்சோர்வு இல்லை, களைப்பு. டயாலிசிஸை நிறுத்துவது சட்டப்படி அவர் முடிவு. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஒரு வாரம், பத்து நாள் என்றார்.

நான் அழுதேன், காலைப் பிடித்தேன், என்னைத் தண்டிக்கத்தானே இப்படிச் செய்கிறாய் என்று கத்தினேன். அதற்கு மட்டும் கோபப்பட்டான்.

"எல்லாத்தையும் உன் ஆபீஸ் பக்கமே இழுக்காத. என் ஒடம்பு, நான் களச்சுப்போயிட்டேன். ஏப்ரல், ஏப்ரல்னு நாள எண்ணிக்கிட்டே ரெண்டு மாசம் சொகமா வேன்ல போனேன். அது நீ குடுத்ததுதான். இப்ப எண்ணறதுக்கு ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான் புள்ள."

அவ்வளவுதானாம்.

மார்ச் 30, சனி

அலுவலகத்துக்கு நாலு வரி எழுதி அனுப்பினேன். திரும்பி வரப்போவதில்லை என்று. காரணம் எழுதவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

காலையில் நல்ல வெயில். நாற்காலியைக் கொல்லையில் போடச் சொன்னான். சின்னக் குவளையில் தண்ணீர் வைத்தேன், அதைத் தள்ளிவிட்டுக் கூஜாவையே கேட்டான். ஆறு வருடமாக நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது அவன். இரண்டு கையாலும் பிடித்து, நிறுத்தாமல், கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தான். குடித்துவிட்டு மூச்சு வாங்கச் சிரித்தான்.

பிறகு ஆரஞ்சு மரத்தைக் காட்டினான். சிறுநீரகம் கெட்டவனுக்கு ஆரஞ்சும் ஆகாது என்று டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். அவன் மரத்துப் பழத்தை இத்தனை வருடமும் அக்கம்பக்கத்தார்தான் சாப்பிட்டார்கள். பெரிதாகப் பார்த்து நாலு பறித்து வந்தேன். நான் உரிக்க உரிக்கச் சுளை சுளையாக வாங்கிக்கொண்டான். மூன்று முடிந்தது.

"இன்னொண்ணு உரி" என்றான். உரித்துக் கொடுத்தேன்.